கப்பல் வராத ஊர்: ஏற்காட்டிலிருந்து சில நாட்கள்

நவம்பர் 9

மூன்று நாளாக விடாத மழை. மலைப்பாதையில் பாறை உருண்டதில் பஸ் இல்லை, குப்பனூர் வழியாகச் சுற்றி வருகிற வண்டிகள் மட்டும்தான். ஒண்டிக்கடைப் பக்கம் ஈ காக்கை இல்லை. கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கதையைத் திறந்தேன். ஒரு விண்வெளிப் பேரரசு, அதை எதிர்த்துப் பேசிய ஒரு குடியேற்றம், அதற்குக் கிடைத்த தண்டனை. முதல் வரைவில் போர்க்கப்பல் வந்து குண்டு போடுகிறது. இன்றைக்குப் படித்தால் எனக்கே சிரிப்பு. எதற்கு அவ்வளவு செலவு? சரக்குக் கப்பலை நிறுத்தினால் போதுமே. பக்கத்தில் இருக்கிற செவ்வாய்க்கே பூமியிலிருந்து கிளம்ப 26 மாதத்துக்கு ஒரு தடவைதான் தோதான நேரம் வரும். ஒரே ஒரு தடவை அனுப்பாமல் விட்டால் நாலு வருஷத்துக்கு மேல் ஒன்றும் போய்ச் சேராது.

நவம்பர் 10

பல்பர் (காபிப் பழத்தின் தோலை உரிக்கிற மெஷின்) பெல்ட் அறுந்துவிட்டது. பறித்த காபிப் பழத்தை அன்றைக்கே தோல் உரிக்காவிட்டால் புளித்துப் போகும். மதியத்துக்கே சாக்கின் அடியில் சிவப்பாக ஒழுக ஆரம்பித்தது, கையை உள்ளே விட்டால் கதகதவென்று சூடு. பெல்ட் கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வர வேண்டும் (என் கதைக்கு நேர் எதிர்த்திசை).

ராத்திரி கணக்குப் போட்டேன். நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியோடு செவ்வாய்க்குப் போன மாக்ஸி என்ற கருவி, அங்குள்ள கரியமில வாயுவிலிருந்து 2021 முதல் 2023 வரை 16 தடவை ஆக்சிஜன் எடுத்தது. மொத்தம் 122 கிராம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 840 கிராம் வேண்டும். ஆக, மூன்றரை மணி நேர மூச்சு. அது சின்ன சோதனைக் கருவிதான், பெரிதாகக் கட்டினால் ஊருக்கே போதும். ஆனால் பெரிய மெஷினுக்கும் பெல்ட் மாதிரி ஏதோ ஒன்று அறுந்துதானே தீரும்?

நவம்பர் 11

அப்பாவிடம் கதையைச் சொன்னேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"அவங்க என்னடா தப்பு பண்ணுனாங்க?"

"வரி கட்டமாட்டோம்னு சொல்லிட்டாங்கப்பா."

"வரி கட்டலைன்னா ஜப்திக்குல்ல வருவான்? வராம எப்படி இருப்பான்?"

அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

நவம்பர் 13

இரண்டு நாளாக அதே கேள்வி. அந்தமானை எடுத்துப் பார்த்தேன். 1858இல் கைதிகளைக் கொண்டுபோய் இறக்க ஆரம்பித்தார்கள், 1906இல் ஏழு கைகள் கொண்ட செல்லுலார் சிறையைக் கட்டி முடித்தார்கள். கைதியின் கழுத்தில் மரச்சீட்டு, அதில் எண், தண்டனைக் காலம் எல்லாம். எவ்வளவு கொடுமை, ஆனால் எவ்வளவு கவனம்! தண்டிக்கிறவன் கணக்கு வைத்திருப்பான், கப்பலும் விடுவான்.

கிரீன்லாந்தில் இருந்த நார்ஸ் (வைக்கிங் வழிவந்தவர்கள்) குடியேற்றம் வேறு கதை. அங்கிருந்து எழுத்தில் கிடைக்கிற கடைசிச் சேதி 1408இல் வால்சே தேவாலயத்தில் நடந்த ஒரு கல்யாணம். தண்டனையும் இல்லை, தீர்ப்பும் இல்லை, கப்பல் போவது மெதுவாக நின்றுபோனது, அவ்வளவுதான். 1721இல் ஹான்ஸ் எகெடே என்ற பாதிரியார் அவர்களைத் தேடிப் போனபோது மிச்சம் இருந்தவை இடிந்த சுவர்கள். முந்நூறு வருஷம் கழித்துத் தேடிப் போனதை என்னவென்று சொல்ல.

சரி, அப்பா சொன்னதுதான் நியாயம். என் குடியேற்றத்தைத் தண்டித்திருந்தால் யாராவது வந்திருப்பார்கள். அங்கே கல் வெட்டினார்கள் (நம்ம சேலத்து வெள்ளைக்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்), வேறெங்கோ மலிவாகக் கிடைத்தது, கப்பலை விட்டுவிட்டார்கள். இது அந்த மக்களுக்குத் தெரியாது. தண்டனை என்றே நம்புகிறார்கள், ஏனென்றால் தண்டனைக்கு ஒரு கெடு உண்டு. வருஷத்துக்கு ஒரு நாள் ஊர் கூடி, எந்தக் குற்றத்துக்காக இது என்று வீட்டுக்கு ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். மூன்றாம் தலைமுறைக்குப் புதிய குற்றம் கிடைப்பதில்லை, தாத்தா சொன்னதையே சொல்கிறார்கள்.

நவம்பர் 15

பெல்ட் வந்தது, ஒரு சைஸ் பெரிது. திருப்பி அனுப்பினால் இன்னும் இரண்டு நாள் போகும். அப்பா ஒன்றும் பேசவில்லை. மோட்டாரின் நாலு போல்ட்டையும் தளர்த்தி, கடப்பாரையை முட்டுக் கொடுத்து இரண்டு விரக்கடை பின்னால் நகர்த்தி, மறுபடி முறுக்கினார். பெல்ட் விறைத்தது. கொஞ்சம் கிரீச்சிடுகிறது, ஆனால் ஓடுகிறது. முதல் நாள் பழம் ஆறு சாக்கு குழிக்குத்தான் போனது.

கதையில் பேரரசின் நீதிமன்றக் காட்சி முழுவதையும் வெட்டிவிட்டேன். பதினோரு பக்கம். அந்த நீதிபதிக்கு நல்ல வசனமெல்லாம் எழுதியிருந்தேன்.