பார்பி ஆண்டாள் ஆகுறா: கண்ணு முடிஞ்சுது, கொண்டை பாக்கி

ரெண்டு கண்ணும் ஒருவழியா ஒரே பக்கம் பாக்குது! இதை எழுதணும்னே காத்துக்கிட்டு இருந்தேன். பேத்தி விளையாடிட்டு மூலையில போட்டுட்டுப் போன பார்பியை வர்ற நவராத்திரிக்கு ஆண்டாளா கொலுவுல ஏத்துறதுன்னு நானா இழுத்து விட்டுக்கிட்ட வேலை. திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்புல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், பொம்மையில என்ன பெரிய வித்தைன்னுதான் உக்காந்தேன். 11.5 இன்ச் உயரம், அதுல முகம் கட்டைவிரல் நகத்தைவிட கொஞ்சம் பெருசு, அதுக்குள்ள இவ்ளோ வேலை இருக்குன்னு யாரு கண்டா.

சுடுதண்ணியில தலையை முக்கி கழட்டுறது, அசிட்டோன்ல கம்பெனி பெயிண்டை துடைக்கிறது எல்லாம் இதுல கை வச்சவங்களுக்குத் தெரியும். அசிட்டோன் தலையோட நிக்கணும், தலை வினைல்ங்கிற மெத்து பிளாஸ்டிக், தாங்கும், உடம்பு கெட்டி பிளாஸ்டிக், மேல பட்டா இளகி அசிங்கமாயிரும். அப்புறம் மேட் ஸ்ப்ரே, அதாவது பளபளப்பில்லாத பூச்சு. நான் வாங்குனது மிஸ்டர் சூப்பர் கிளியர், ஜப்பான் சரக்கு. விலையைக் கேட்டுட்டு வீட்டம்மா "ஏங்க, இந்தக் காசுக்கு புது பொம்மையே வாங்கிருக்கலாமே"ன்னாங்க, பேச்சு நியாயம்தான், ஆனா அது குடுக்குற சொரசொரப்புலதான் வாட்டர்கலர் பென்சில் பிடிக்குது, வெறும் வினைல்ல பென்சில் வழுக்கிக்கிட்டு ஓடும். மழை ஈரத்துல அடிச்சா வெள்ளையா பூத்துரும், அதனால நல்ல வெயில் நாளா பாத்து மொட்டைமாடியில வச்சு அடிக்கிறேன், கெமிக்கல் ஆவிக்குன்னு கார்ட்ரிட்ஜ் வச்ச மாஸ்க் மாட்டிக்கிட்டு. துணி மாஸ்க் இதுக்கு ஆகாதுங்க.

இனிமே கண்ணு. இந்த வேலை செய்யிறவங்க முக்கால்வாசிப் பேரு கண்ணைத்தான் முதல்ல போடுவாங்க, புருவம் உதடு எல்லாம் அதுக்குத் தோதா அப்புறம். நம்ம ஊர்ல சாமி சிலைன்னா கண் திறக்கிறது கடைசியில. எனக்கு அதை மாத்த மனசு வரலை. சிரிச்சுக்கிட்டு பல்லு தெரிஞ்ச வாயை அடக்கி உதடு போட்டேன், புருவத்தை இறக்கிப் போட்டேன், சாஃப்ட் பேஸ்டல்ங்கிற கலர் சாக்குக்குச்சியை பிளேடால சுரண்டி கன்னத்துல ஒரு நிழல் குடுத்தேன், அதெல்லாம் சடசடன்னு முடிஞ்சுது. கண்ணுக்கு வந்தாத்தான் ஒரு கண்ணு ஜோரா வருது, அடுத்தது அதோட சேர மாட்டேங்குது. தொழில் புத்தி சும்மா இருக்குமா, டிவைடரையும், இம்மியளவும் தப்பாம அளக்கிற வெர்னியரையும் எடுத்து மூக்கு நடுவுல கோடு போட்டு, ரெண்டு பக்கமும் அளந்து குறிச்சு வரைஞ்சேன். அளவு சுத்தமா சரியா இருக்கு, ஆனா முகத்தைப் பாத்தா ரெண்டு கண்ணும் சண்டை போட்டுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பின மாதிரி இருக்கு.

விஷயம் என்னன்னா தலையே கோணல். அச்சுல வெந்து இளகின வினைலை இழுத்து எடுக்கிறாங்கல்ல, ஒரு கன்னம் லேசா உப்பியும் ஒரு கண்குழி இம்மியளவு கீழயும் இருக்கும். அதுமேல கம்பெனிக்காரன் பெயிண்ட் இருக்கற வரைக்கும் தெரியாது, துடைச்சப்புறம்தான் வண்டவாளம் வெளிய வரும். கோணல் மூஞ்சியில நேரான அளவை வச்சா கோணல்தான் எடுப்பா தெரியும். வெர்னியரை உள்ள வச்சுட்டேன்.

இப்ப செய்யிறது இதுதான். ஒரு கண்ணை முழுசா முடிக்கிறதே இல்ல, இந்தப் பக்கம் மேல் இமை ஒரு கோடு, உடனே அந்தப் பக்கம் மேல் இமை, அப்புறம் ரெண்டு கருவிழி வட்டம், இப்படி ஜோடி ஜோடியா போறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தலையை தலைகீழா பிடிச்சுப் பாக்கறது, செல்போன்ல படம் எடுத்து இடவலம் திருப்பிப் பாக்கறது, தப்பு அப்பதான் பளிச்சுனு தெரியும். தேறினா ஒரு கோட்டு ஸ்ப்ரே. அதுக்கு மேல போடுறது கெட்டா ஈர பட்ஸால துடைச்சாப் போதும், அடியில இருக்கறது அப்படியே இருக்கும். கடைசியா கண்ணுல வைக்கிற வெள்ளைப் புள்ளி, அதை மட்டும் எதிரெதிரா வைக்கக்கூடாது, ரெண்டு கண்ணுலயும் கடிகாரத்துல 10 மணி இருக்கற இடத்துலதான் வரணும், வெளிச்சம் ஒரே பக்கத்துலேர்ந்துதானே வருது. இன்னொண்ணு, கருவிழியை ஒரு மயிரிழை கீழ இறக்கியிருக்கேன். கொலுப்படியில மேல நிக்கிற பொம்மை, கீழ பாயில உக்காந்து பாடுற பொம்பளைங்களைப் பாக்கணும்ல, நேரா பாத்தா எதிர் சுவத்தைத்தான் பாக்கும். இது எந்த வீடியோலயும் யாரும் சொல்லலை, என் சொந்த சரக்கு!

புடவைக்கு ஒரு கணக்கு இருக்கு. பார்பி ஆறுல ஒரு பங்கு அளவு, அப்ப ஒரு இன்ச் ஜரிகை பார்டர் வச்சா அது நமக்கு அரை அடி பார்டர். சின்னக்கடை வீதியில ஏறி இறங்கினா எல்லாம் பெருசு பெருசாத்தான் எடுத்துப் போடுறாங்க. மெல்லிசு வேணும்னா பிட்டு துணி மூட்டையைத்தான் கிளறணும், கடைப் பையன் என்னைய ஒரு மாதிரியா பாத்தான், பாத்துட்டுப் போறான்.

கொண்டை இன்னும் ஆரம்பிக்கலை. தங்கக்கலர் முடி பூரா வெட்டியாச்சு, உள்ள ஒட்டியிருந்த பசையையும் நோண்டி எடுத்தாச்சு. தையல் மிஷின் ஊசியோட காதை எண்ணெய்க்கல்லுல பாதி தேய்ச்சு கவட்டையாக்கி, பின் வைஸ்ங்கிற சின்ன கைப்பிடியில மாட்டி முடி நடுற ஊசி ஒண்ணு பண்ணியிருக்கேன், கடையில விக்கிறது எதுவும் இதுக்குப் பக்கத்துல நிக்காது. நைலான் சவுரியில கொஞ்சம் நட்டுப் பாத்தேன், நல்லாவே நிக்குது. இடப்பக்கம் சாஞ்ச அந்தப் பெரிய கொண்டைக்கு உள்ள தெர்மோகோல் உருண்டை வைக்கணும், இல்லேன்னா பாரத்துல தலை தொங்கிரும். கிளி எம்-சீல்லதான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல தினமும் புதுசா இலையிலயே கிளி கட்டி இடது கையில வைக்கிறாங்க, மூக்குக்கு மாதுளம்பூ. அந்த அழகை எம்-சீல்ல கொண்டு வர முடியாது, ஆனா இந்த சைஸுல இலை வாடிப் போனா மாத்திக்கிட்டா இருக்க முடியும்?

இதுக்குள்ள வீட்டம்மா ஆண்டாளுக்கு ஜோடி ரங்கமன்னார் எங்கன்னு கேட்டுட்டாங்க. பார்பிக்கு ஜோடியா வர்ற கென் பொம்மை பழசு ஒண்ணு விலை கேட்டு வச்சிருக்கேன். அதுக்கு முடி அச்சோட வர்றது, நடுற வேலை கிடையாது, மேல கிரீடம் வச்சு மறைச்சிரலாம். ஆனா தாடையைப் பாத்தா ஜிம்முக்குப் போறவன் தாடை, அதைத் தேய்க்க அரம் வேணும். அரம் நம்மகிட்ட நிறைய இருக்கு.