துறவிக்குப் பதினான்கு மீட்டர்

‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் ஜெடாய் வீரர்கள் பற்றற்றவர்கள். அவர்களுக்கு வீடு வாசல் கிடையாது, குடும்பம் கிடையாது, நகை நட்டு கிடையாது. கையில் ஓர் ஒளிவாள், உடம்பில் மண் நிறத்தில் தொளதொளவென்று தொங்கும் ஓர் உடை, அவ்வளவுதான் ஆஸ்தி. ஜரிகை இல்லை, பித்தான் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற ஜிப் இல்லை. பார்த்த மாத்திரத்தில், இதில் தைப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் அண்ணன் மகனுக்கும் அப்படித்தான் தோன்றியது. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான், அதாவது காமிக்ஸ், சினிமா ரசிகர்களின் திருவிழா, நடந்தபோது சாதாரண டி-ஷர்ட்டில் போய், வேடமிட்டு வந்தவர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிய அவன், அடுத்த ஆண்டு மற்றவர்கள் தன்னோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டான். “அத்தை, ரெண்டு துணியைச் சேர்த்து அடிச்சாப் போதும், ஒரு சாயங்கால வேலை” என்றான். தையல் மிஷினில் உட்கார்ந்தே அறியாதவர்கள் அத்தனை பேரும் தையலை ஒரு சாயங்கால வேலை என்றுதான் மதிப்பிடுகிறார்கள்.

அந்த உடையின் சூது அதன் பேட்டர்னை, அதாவது துணி வெட்டுவதற்கான தாள் அச்சுகளை, பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. முதலில் ஒரு கால்சட்டை. பிறகு கழுத்து மட்டும் வெளியே எட்டிப் பார்ப்பதற்காக முழுசாகத் தைக்க வேண்டிய ஓர் உள்ளங்கி. அதன் மேல், இடப்பக்கம் வலப்பக்கத்தின் மீது ஏறிப் படியும்படி குறுக்கே மடித்துக் கட்டுகிற மேலங்கி. அதற்கும் மேல், இரு தோள்களிலிருந்தும் முன்னும் பின்னும் முழங்கால் வரை தொங்கும் இரண்டு நீளப் பட்டைகள். இவற்றுக்கு டாபர்டு என்று பெயர். இந்தப் பட்டைகளை இடுப்போடு சேர்த்து இறுக்க, ஜப்பானியர் கிமோனோவின் மேல் சுற்றும் ஓபியைப் போன்ற அகலமான துணிக்கச்சை. அந்தக் கச்சையின் மேல் தோல் பெல்ட். எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, தலைமுக்காட்டோடு தரையைத் தொடுகிற போர்வை அங்கி. கடைசியாகச் சொன்ன இதைப் போட்ட பிறகு, முன்னால் சொன்ன அத்தனையிலும் வெளியே தெரிவது நெஞ்சுக்கு நேரே ஒரு சாண் அகலம்தான்.

1977-இல் வந்த முதல் படத்துக்கு உடை வடிவமைத்த ஜான் மோல்லோ, ராணுவச் சீருடைகளின் வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர். அந்தப் படத்துக்காக ஆஸ்கார் விருதும் பெற்றார். பாலைவனத்தில் ஒளிந்து வாழும் முதியவர் ஒருவர் இப்படிப்பட்ட அங்கியும் போர்வையுமாக அதில் வருகிறார். அதே பாலைவனத்தில் பண்ணை வைத்திருப்பவரும் ஏறக்குறைய அதே தினுசில்தான் உடுத்தியிருக்கிறார். அதாவது அது அந்த ஊர்க்காரர்களின் உடை. பின்னால் வந்த படங்களில் எல்லா ஜெடாய்களுக்கும் அதுவே சீருடை மாதிரி ஆகிவிட்டது. பாலைவனக் காட்சிகளைத் துனிசியாவில் எடுத்தார்கள். துனிசியாவின் வறண்ட காற்றுக்கு வாய்த்த அடுக்குகளைச் சென்னையின் உப்புக் காற்றில் போட்டுக்கொண்டு நிற்பதைப் பற்றி அண்ணன் மகன் யோசிக்கவில்லை. யோசிக்கச் சொல்லிப் பார்த்தேன், அரங்கில் ஏசி உண்டு என்றான்.

நம் தையல் வகுப்புகளில் பேப்பர் கட்டிங் என்று சொல்வதைத்தான் அமெரிக்காவில் பேட்டர்ன் என்று காசுக்கு விற்கிறார்கள். இணையத்தில் வாங்கினால் கோப்பாக வந்துவிடுகிறது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து, தாள்களை எண் பார்த்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். கடைப்பையன் பக்கங்களைப் பார்த்துவிட்டு, “மேடம், எந்த ஏரியாவுல வீடு கட்டுறீங்க?” என்று கேட்டான். முதல் பக்கத்தில் ஒரு சோதனைக் கட்டம் இருக்கும். அதன் ஒரு பக்கம் சரியாக 10 செ.மீ. வந்தால்தான் மற்ற தாள்களை நம்பலாம். வந்தது 9.7 செ.மீ. அமெரிக்கத் தாள் நம் ஏ4 தாளை விடச் சற்று அகலம் என்பதால், அச்சு இயந்திரம் தானாகவே படத்தைச் சுருக்கித் தாளுக்குள் அடக்கியிருந்தது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று பையன் சிரித்தான். 40 அங்குல மார்புச் சுற்றில் அந்த மூன்று மில்லிமீட்டர் ஒன்றேகால் அங்குலமாக வளர்ந்து, மூச்சு விட முடியாத ஜெடாய் ஒருவரை உருவாக்கும் என்று விளக்கி, அளவைச் சுருக்காமல் முழுக்கட்டையும் மறுபடி அச்சடிக்க வைத்தேன். இரண்டு முறைக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினான்.

தாள்களைக் கூடத்தில் பரப்பி ஒட்டுவதற்கு மின்விசிறியை நிறுத்த வேண்டும். விசிறி நின்றதும் உள்ளறையில் படுத்திருந்த என் அம்மா எழுந்து வந்து, கரண்ட் போய்விட்டதா என்று விசாரித்துவிட்டுச் சுவிட்சைப் போட, முக்காட்டின் பாதி சாப்பாட்டு மேசைக்கு அடியிலும் வலக்கை பூஜை அறையிலும் போய் விழுந்தன.

துணிக்கு கோடவுன் தெருவை விட்டால் வேறு இடமில்லை. பேட்டர்னோடு வந்த அட்டவணை 60 அங்குலப் பன்னாவை, அதாவது துணியின் அகலத்தை, மனத்தில் வைத்து, கெஜக் கணக்கில் எழுதப்பட்டது. எனக்குப் பிடித்துப்போன பழுப்புக் கைத்தறித் துணியோ 48 அங்குலப் பன்னா. போர்வை அங்கியின் அகலக் கையை அதில் ஒரே துண்டாக வெட்ட முடியாது, ஒட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதால் கணக்கை மறுபடி போட்டேன். போர்வைக்கு 6 மீட்டர், மேலங்கிக்கு இரண்டே முக்கால், உள்ளங்கிக்கும் ஒத்திகைக்குமாகக் காடாத் துணி, பட்டைக்கும் கச்சைக்கும் தனி, கால்சட்டைக்குத் தனி. கடைக்காரர் கூட்டிப் பார்த்துவிட்டு 14 மீட்டருக்கு மேல் போகிறது என்று சொல்லி, “எந்த மடத்துக்கும்மா? எத்தனை பேரு?” என்று பயபக்தியோடு கேட்டார். ஒரே ஒரு பையனுக்கு என்றதும் அவர் பென்சிலைக் கீழே வைத்தார். மடிசாருக்குக் கட்டுகிற ஒன்பது கெஜமே எட்டேகால் மீட்டர்தான். கல்யாணப் பெண்ணுக்குப் போதுமானது துறவிக்குப் போதவில்லை என்பதை அவரிடம் எப்படி விளக்குவது? பள்ளிக்கூட நாடகம் என்று சொல்லி வைத்தேன்.

கைத்தறித் துணியை வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் உலர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் ஜெடாயின் கை முழங்கைக்கு ஏறிவிடும். காடாத் துணியில் கஞ்சி வேறு ஏற்றியிருப்பார்கள், அது போகிற வரை அலச வேண்டும். உள்ளங்கி வெளுப்பாக இருக்கக் கூடாது, பாலைவனத்தில் நாலு வருஷம் அலைந்த சட்டை மாதிரி மங்கியிருக்க வேண்டும். அதற்கு உடை தைப்பவர்கள் கையாளும் பழைய வழி தேயிலைச் சாயம். பெரிய வாளியில் டிகாஷன் இறக்கி, சிட்டிகை உப்போடு துணியை அமுக்கிவிட்டு, திட்டுத் திட்டாகப் பிடிக்காமலிருக்கக் கரண்டிக் காம்பால் கிளறிக்கொண்டே இருந்தேன். அம்மா வாசனை பிடித்து வந்து வாளியை எட்டிப் பார்த்தார், உள்ளே ஒரு சட்டைக்கை மிதப்பதைப் பார்த்த பிறகும் முகம் மாறாமல், “பால் எப்போ ஊத்துவே?” என்றார்.

தையல் என்று பார்த்தால் மேலங்கி பெரிய வித்தையில்லை. ரவிக்கை தைக்கத் தெரிந்தவர்களுக்கு அது விளையாட்டு; டக் இல்லை, கழுத்து வளைவு இல்லை, எல்லாம் நேர்க்கோடு. பேட்டர்ன்காரர்கள் எல்லா ஓரத்திலும் சீராக 5/8 அங்குலம் தையலுக்கு விடச் சொல்லுகிறார்கள். நம் ஊரில் பக்கவாட்டில் மட்டும் தாராளமாக உள்ளே விட்டு, உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ள வழி வைக்கிறோம். அண்ணன் மகன் ஹாஸ்டல் சாப்பாட்டில் இருப்பவன் என்பதால் அமெரிக்க முறையே போதும் என்று விட்டுவிட்டேன். முக்காடும் தோளும் சேரும் இடத்தில் மடிப்புகள் விழுந்து துணி நாலைந்து கனம் ஆகிவிடுகிறது. 14-ஆம் நம்பர் ஊசி அங்கே முறிந்தது, 16 வளைந்தது, 18-ஐப் போட்டு, மிஷினை மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்கினேன்.

உண்மையான வில்லன் அந்த டாபர்டுதான். இரண்டு பட்டைகளும் தோளிலிருந்து நழுவிக் கைப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். நழுவாமலிருக்க மேலங்கியின் தோளில் பிரஸ் பட்டன் வைத்தேன். பட்டன் துணியைப் பிடித்து இழுத்து அசிங்கமாகக் குழி விழுந்தது. குழி விழாமலிருக்கப் பட்டைக்குள் கேன்வாஸ் கொடுத்தேன். கேன்வாஸ் கொடுத்ததும் பட்டை விறைத்துக்கொண்டு, குனிந்தால் மூக்கில் இடித்தது. அதை அடக்கக் கச்சைக்குப் பின்புறம் வெல்க்ரோ வைத்துப் பிடித்தேன். வெல்க்ரோவின் சொரசொரப்பு துணியைப் பிய்க்காமலிருக்க அதற்கு ஓர் உள்பட்டை. கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்க்கத் தொடங்கி, பூனைக்குப் பால் வேண்டிப் பசு வாங்கி, கடைசியில் குடும்பஸ்தனாகிப்போன சந்நியாசியின் கதை எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

போர்வை அங்கிக்கு ஓரம் அடித்து வாங்குவதற்காகப் பக்கத்துத் தெரு டெய்லரிடம் கொடுத்தேன். முப்பது வருஷ அனுபவஸ்தர், தொழிலில் நேர்மையானவர். பேப்பர் கட்டிங்கைப் பார்த்து, “இதெல்லாம் எதுக்கும்மா? அளவுச் சட்டை இருந்தாக் குடுங்க, இல்ல ஆளைக் கூட்டிட்டு வாங்க” என்றார். ஜெடாய்க்கு அளவுச் சட்டைக்கு எங்கே போவது? ஓரம் மட்டும் அடித்தால் போதும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போனபோது அங்கி மேசையில் விரித்துக் கிடந்தது. இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை சாக்பீஸால் அழகான, நேரான கோடு. பக்கத்தில் கத்தரிக்கோல் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. “கை ரொம்ப அகலமா விழுந்திருச்சு, உள்ளே இன்னொரு ஆள் போகலாம். உங்களைக் கேட்டுட்டுக் குறைக்கலாம்னு வெச்சேன்” என்றார். அந்த அகலம்தான் உடையின் அழகே என்று சொல்லிக் கைபேசியில் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “இவருக்கும் யாரோ அளவு தப்பா எடுத்திருக்காங்க” என்றார்.

நிகழ்ச்சி நாளன்று உடுத்திவிடவே ஒரு பெரிய பொழுது பிடித்தது. வரிசை தவறினால் பெல்ட்டிலிருந்து எல்லாவற்றையும் அவிழ்த்துத் தொடங்க வேண்டும். நுழைவாயிலில் ஒளிவாளைத் தட்டிப் பார்த்து, பிளாஸ்டிக்தான் என்று உறுதிசெய்துகொண்ட காவலர், பையனை மேலும் கீழும் பார்த்து, “உள்ளே போங்க சாமி” என்று வழிவிட்டார். உள்ளே நிறையப் பேர் அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவன் ஆசை நிறைவேறியது. ஆனால் உள்ளே போகும் வரிசை வெயிலில் நின்றிருந்தது. போதாக்குறைக்கு இரண்டு பாட்டில் மோர் குடித்திருந்தான். பெல்ட், கச்சை, பட்டை, மேலங்கி என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துத்தான் கழிப்பறைக்குள் போக முடியும் என்ற விவரம் பேட்டர்ன் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. உள்ளே போனவன் வெளியே வர வர வராமல், நான் ஆண்கள் கழிப்பறை வாசலில் போர்வையைச் சுமந்துகொண்டு நின்றேன். அதே உடையைப் பாலியெஸ்டரில் கடையில் வாங்கிப் போட்டிருந்த இன்னொரு பையன் பக்கத்தில் வந்தான். அவனுக்கு எல்லா அடுக்குகளும் ஒரே துணியில் சேர்த்துத் தைக்கப்பட்டு, முதுகில் ஒரே ஒரு ஜிப். ஜிப்பை இறக்கினான், போனான், வந்தான், சமோசா சாப்பிடப் போய்விட்டான்.

எங்கள் ஜெடாய் வெளியே வந்தபோது கொஞ்சம் மெலிந்திருந்த மாதிரி தெரிந்தது. உள்ளங்கியைக் கழற்றிச் சுருட்டி என் பையில் திணித்தான். ஊறவைத்து, கஞ்சி போக்கி, தேயிலையில் முக்கி, பிசிர் தெரியாமல் ஓரம் மடித்துத் தைத்த உள்ளங்கி. கழுத்துக்கு என் கைக்குட்டையை முக்கோணமாக மடித்துச் செருகிவிட்டேன். அன்றைக்கு மீதிப் பொழுதில் எடுத்த படங்களில் கைக்குட்டைதான் இருக்கிறது, ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த தடவை கழுத்தை மட்டும் தனியாகத் தைத்து மேலங்கியிலேயே பொருத்திவிடுவேன் என்றேன். அது ஏமாற்று வேலை என்று அவன் முறைத்தான், கைக்குட்டையோடு.

அந்த உள்ளங்கியை இப்போது கல்லூரிக்குக் குர்த்தாவாகப் போட்டுக்கொண்டு போகிறான். தேயிலைச் சாயம் சலவைக்குச் சலவை அழகாகத்தான் நிற்கிறது. எங்கே வாங்கினாய் என்று கேட்ட நண்பர்களிடம் கைத்தறி, இயற்கைச் சாயம், இரண்டாயிரம் ரூபாய் என்று சொல்லி, மூன்று பேரிடம் முன்பணமும் வாங்கி வைத்திருக்கிறானாம். அந்தப் பணம் இன்னும் என் கைக்கு வரவில்லை.