கதவு திறக்காத இடம்

"இவங்க எல்லாரும் கெட்டவங்கன்னு முதல்லயே தெரிஞ்சுட்டா, பார்க்க வந்தவங்க மேல பழி எப்படி விழும் சார்?"

நான் இயக்கிய நாடகத்தின் ஒத்திகையில், நாயகி பேணாரேவாக நடித்த பெண் கேட்டது. "இது 1967 இல்லம்மா, காலம் மாறிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன்.

1967இல் முதலில் மேடையேறிய, விஜய் தெண்டுல்கரின் மராத்தி நாடகம் 'சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே' (அமைதி! நீதிமன்றம் நடக்கிறது)தான் அது. பொழுதுபோக்காகத் தொடங்கும் பொய் விசாரணையில் மணமாகாத ஆசிரியை பேணாரே மீது சிசுக்கொலைக் குற்றச்சாட்டு. அவள் கர்ப்பம் அம்பலமானதும், அந்த விசாரணையில் நீதிபதியாக உட்கார்ந்த அதே காஷீகர் கருவை அழிக்கச் சொல்லித் தீர்ப்பளிக்கிறார். அன்றைய அரங்கில் காஷீகருக்கும் ஆதரவு இருந்திருக்கும், இன்று யார் அவர் பக்கம் நிற்பார்கள் என்பது என் கணக்கு. அதனால் நாடகத்தில் அவர் அடிக்கடி காது குடைவதை அருவருப்பாக்கினேன். வக்கீல் சுகாத்மேயின் குரலை எடுத்த எடுப்பிலேயே இறுக்கினேன். விசாரணை தொடங்கியதுமே நீல வெளிச்சம்.

கணக்கு ஒரு வகையில் சரிதான். அரங்கு முழுக்க அவள் பக்கம். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. சாட்சிகள் வம்பளக்கும்போது நாமும் சிரித்திருக்க வேண்டும். வெளியேற நினைத்து அவள் கதவை இழுப்பாள், வெளியே தாழ்ப்பாள் விழுந்திருக்கும். அதுவரை சிரித்தவனுக்குத்தான் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். கதவுத் தட்டிக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து மணல் மூட்டை வைத்திருந்தோம், இல்லையென்றால் இழுத்ததும் சுவரே ஆடும். கதவு அசையவில்லை. பார்த்தவர்களும் அசையவில்லை. எல்லோரும் முன்பே நல்லவர்களாகிவிட்டிருந்தார்கள்.

கிரீஷ் கர்னாடின் 'நாகமண்டலா' நாடகத்தில், கணவன் உருவில் வரும் நாகத்தோடு வாழ்ந்த ராணியை ஊர் சந்தேகிக்கும். அவள் பாம்பைக் கையில் பிடித்து, கணவனையும் இந்த நாகத்தையும் தவிர யாரையும் தொட்டதில்லை என்று சத்தியம் செய்வாள். அது சொல்லுக்குச் சொல் உண்மை என்று நமக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அங்கே நாம் முதலிலிருந்தே அவள் பக்கம் நிற்கலாம், நிற்கவும் வேண்டும். பேணாரேவுக்கு அது போதாது. கொஞ்ச நேரமாவது நாம் அவளுக்கு எதிராக இருந்தாக வேண்டும்.

அப்படியென்றால் இருபது வயதுக்காரர்களை அந்தச் சிரிப்புக்கு இழுப்பது எப்படி? அவர்கள் நிஜமாகவே மாறியிருந்தால் அந்தச் சிரிப்பு வராது. மாறியிருக்கிறார்களா என்பதைச் சிரிக்க விட்டுப் பார்த்தால்தானே தெரியும்? நான் விடவில்லை.

அடுத்த நிகழ்ச்சிக்கு நீல வெளிச்சத்தை எடுத்தாயிற்று. காது குடைவதைப் பழையபடி சாதாரணமாக்க மட்டும் இன்னும் மனசு வரவில்லை.