குரூப் டூர்க்காரர்களோடு ஒரே கப்பலில்

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போகத் திட்டம் போடுகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்டுவிடுங்கள். அந்தத் தேதியில் பெரிய குரூப் ஏதாவது ஏறுகிறதா? நீங்களாகக் கேட்டால்தான் உண்டு, டிக்கெட் விற்கிறவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு பினாங்கு போய்த் திரும்பும் கப்பலில் போயிருந்தோம். ஏறிய அன்று சாயங்காலமே விஷயம் புரிந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் கழுத்தில் ஒரே நிறப் பட்டையில் அட்டை மாட்டியவர்கள். ஒரு சிமெண்ட் கம்பெனியின் டீலர்கள், இந்தியாவின் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய மீட்டிங் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வரும்போது ஒவ்வொரு லிஃப்டும் நிரம்பி வந்து நிற்கும், கதவு திறக்கும், யாரும் ஏற முடியாமல் மூடிக்கொள்ளும். முட்டிவலிக்காரியான அம்மா படியேறவும் முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டே நின்றார். ராத்திரி ஷோ பார்க்க மகள் காலையிலிருந்து ஆசையாகக் காத்திருந்தாள், போனால் தியேட்டர் வாசலில் தனியார் நிகழ்ச்சி என்று போர்டு வைத்திருக்கிறது, கறுப்பு டீ ஷர்ட் போட்ட இருவர் அட்டையைப் பார்த்துப் பார்த்து உள்ளே விடுகிறார்கள். அடுத்த காட்சிக்கு மீதிக் கப்பலே வந்து நின்றது. உட்கார இடம் கிடைக்காமல் பின்வரிசைக்குப் பின்னால் நின்றபடி பாதி பார்த்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை மேல்தளத்தில் டீ குடிக்கும்போது அந்தக் குரூப்பில் வந்த விருதுநகர்ப் பக்கத்து அண்ணாச்சி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “வருஷம் பூரா ஓடி டார்கெட் முடிச்சாத்தான் தம்பி இந்த டிக்கெட்டு. அதுவும் கடைக்கு ஒரு ஆளுதான், வீட்ல கூட்டிட்டு வர முடியல. எங்க சாப்பாடு, எங்க மீட்டிங்னு அவங்க சொல்ற எடத்துக்குப் போறோம். உங்க புள்ளைக்கு ஷோ போச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். நியாயம்தானே. அவர் உழைத்துச் சம்பாதித்த பயணம் அது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

குறை சொல்ல வேண்டியது விற்றவர்களைத்தான். கப்பல் தியேட்டரில் எல்லாப் பயணிகளும் ஒரே நேரத்தில் உட்கார இடம் கிடையாது, அதனால்தான் ஒரே ஷோவை இரண்டு முறை போடுகிறார்கள், ராத்திரிச் சாப்பாட்டையும் இரண்டு பந்தியாகப் பிரிக்கிறார்கள். இந்தக் கணக்கு சரியாக இருந்தால்தான் கப்பல் ஓடும். அதில் ஒரு காட்சியை எடுத்து ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டால் மற்ற எல்லோரும் இன்னொன்றில் நெருக்கியடிக்க வேண்டியதுதான். நான் கட்டிய பணத்திலும் அந்தத் தியேட்டர் இருந்தது, அவர்கள் கட்டிய பணத்திலும் இருந்தது. முழுக் கப்பலையும் ஒரே அமைப்பு வாடகைக்கு எடுத்தால் பிரச்சினை இல்லை, வெளியாட்களுக்கு டிக்கெட்டே இருக்காது. பாதிக் கப்பலை எடுக்கும்போதுதான் மீதிப் பாதி மாட்டிக்கொள்கிறது. இது திடீரென்று முடிவாகிற விஷயமும் இல்லை. ஆயிரம் பேருக்கு அறை, சாப்பாடு, மேடை, மைக் எல்லாம் பல மாதம் முன்பே பேசி முடித்திருப்பார்கள். திரும்பி வந்து எழுதிக் கேட்டதற்கு, நிகழ்ச்சிகள் மாற்றத்துக்கு உட்பட்டவை என்று ஒரு வரிப் பதில்.

2019 செப்டம்பரில் சிட்னியிலிருந்து போன வாயேஜர் ஆஃப் தி சீஸ் கப்பலில் ஒரு இந்தியக் கம்பெனியின் ஆட்கள் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல் ஏறியிருந்தார்கள். நீச்சல் குளம், பார் எல்லாம் அவர்கள் கையில் போய்விட்டது என்று மற்ற பயணிகள் புகார் செய்து, ஆஸ்திரேலிய டிவி வரை போனது. சிலருக்குப் பணத்தைத் திருப்பித் தந்ததாகச் செய்தி வந்தது. பணத்தைத் திருப்புவதற்குப் பதில் முன்கூட்டியே ஒரு மெயில் அனுப்பியிருக்கலாம். வேண்டாம் என்கிறவர்கள் அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். எங்களுக்கும் அதேதான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? ஏஜெண்டிடம் வாயால் கேட்டு நிறுத்தாமல் மெயிலில் கேளுங்கள்: குரூப் இருக்கிறதா, தியேட்டரும் குளமும் எந்த நேரமாவது மூடப்படுமா? கம்பெனிக்காரர்கள் செலவு பார்த்துக் குறுகிய பயணங்களைத்தான் விரும்புவார்கள், அதனால் முடிந்தால் கொஞ்சம் நீளமான பயணமாகப் பாருங்கள். சென்னையிலிருந்து போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 ஜூனில் அங்கிருந்து கிளம்பிய கார்டிலியா கம்பெனியின் எம்ப்ரஸ் கப்பலில் அறைகளே சுமார் 800தான். அந்த அளவுக் கப்பலில் 500 பேர் குரூப் ஏறினால், அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அவர்கள்தான்.

ஏறிய பிறகு தெரிந்தால் நேராக வரவேற்பு கவுண்டருக்குப் போய் அவர்களுடைய நிகழ்ச்சி நேரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் மீட்டிங்கில் இருக்கும்போது குளம் காலியாக இருக்கும், அப்போது பிள்ளைகளை இறக்கிவிடலாம். காலைச் சாப்பாட்டுக்கு பஃபே பக்கம் போகாமல் உட்கார வைத்துப் பரிமாறும் ஹாலுக்குப் போங்கள். அவர்களுக்கு எந்தப் பந்தி என்று கேட்டு அடுத்த பந்திக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், முதல் நாளே கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருகிறார்கள். அப்புறம், வயதானவர்கள் கூட வந்தால் அறையைச் சாப்பாட்டு ஹாலுக்குப் பக்கத்துத் தளத்தில் எடுங்கள், லிஃப்டுக்குக் காத்திருக்காமல் ஒரு மாடி இறங்கினால் போதும்.