சாம்பல்

இரசாயன மாஸ்டர் காலமான செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் ரொறன்ரோவில் நெஞ்செரிவு மருந்துப் போத்தலைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். மக்னீசியமைதரொட்சைட்டு. லேசில் கரையாது, வெள்ளையாய் அடியில் படிந்து கிடக்கும். அமிலத்தை முறிப்பது மூலம்; அதில் நீரில் நன்றாகக் கரைவதுதான் காரம். "எல்லாக் காரமும் மூலம், எல்லா மூலமும் காரமில்லை" என்று அவர் சொல்ல, வகுப்பின் பின்வரிசை ஏன் சிரித்தது என்பதை இந்த நினைவு மலரில் விளக்கத் தேவையில்லை. அடுத்த செய்தி எனக்கு: "சாம்பல், சேரைப் பற்றி நீ எழுது."

அந்தப் பட்டம் 1993இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்காலம். சவர்க்காரம் விற்ற விலை எங்கள் வீட்டுக்குக் கட்டாது. அம்மா அடுப்புச் சாம்பலைக் கரைத்து, தெளிந்த நீரை வடித்து, அதில்தான் என் ஒரே வெள்ளைச் சட்டையைத் தோய்ப்பார். அலம்பிக் காயப்போடுவது என் வேலை. அன்று ஒழுங்காக அலம்பவில்லை. பொக்கற்றுக்குக் கீழே பருப்புக்கறி சிந்திய மஞ்சள் கறை செங்கல் நிறமாகிவிட்டது. கொப்பியால் மறைத்துக்கொண்டு போனேன்.

அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பாசிச்சாயத்தாள் முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. செவ்வரத்தம்பூச் சாற்றை வைத்துத்தான் செய்முறை நடந்தது. அப்படிப்பட்ட மனிதர் கண்ணில் இந்தக் கறை பட்டால் விடுவாரா?

"இஞ்ச வாடா தம்பி."

மேசையில் கிடந்த பாதித் தேசிக்காயை என் நெஞ்சில் பிழிந்தார். சிவப்பின் நடுவே மஞ்சள் புள்ளி ஒன்று தோன்றி, ஓரம்வரை பரவியது. சாறு வயிறுவரை வழிந்தது. வகுப்பு கைதட்டியது.

"என்னத்தில தோய்ச்சனி?"

"சவர்க்காரத்தில, சேர்."

கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். "சரி. பேரிலயே காரம் இருக்கே, சிவக்கும்தான்" என்று பலகையில் 'சவர்க்காரம்' என்று எழுதினார். அதன் கீழே 'சாம்பல் நீர் – பொற்றாசியம் காபனேற்று'. என் பொய்யை விட்டுவிட்டார். வகுப்பு விடவில்லை.

மற்றவர்கள் அவருடைய நியமிப்பு வகுப்பைப் பற்றி, அமிலத்தையும் காரத்தையும் துளித்துளியாய் விட்டுச் சமப்படுத்தும் செய்முறையைப் பற்றி எழுதுவார்கள். அளவிக் குழாயிலிருந்து கடைசித் துளி விழும்வரை மூச்சை அடக்க வைத்தவர், உண்மைதான். எனக்கு அவர் அந்தத் தேசிக்காய்தான். கோபமா, நன்றியா என்று கேட்டால் இரண்டும்தான்.

1995 ஒக்ரோபர் 30இல் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரோடும் நாங்களும் வெளிக்கிட்டோம். சொல்லிக்கொள்ளவில்லை. பதினாறு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது அவர் வீட்டுப் படலைவரை போனேன். செவ்வரத்தை பூத்திருந்தது. உள்ளே இருமல் கேட்டது. முகூர்த்தத்துக்கு நேரமாகுது என்று வான்காரர் ஹோன் அடித்தார், ஏறிவிட்டேன். அவருக்கென்று கொண்டுபோன சவர்க்காரப் பெட்டியை வான்காரரிடமே கொடுத்தேன்.