ரசீதை வைத்துக்கொண்டு ரவென்னா வரை

முதலில் பாரிஸ் போவதாகத்தான் பேச்சு. வகுப்பில் ஒருத்தி மலிவு விமான டிக்கெட்டைக் கண்டுபிடித்துக் குழுவில் போட்டுவிட்டாள். ஆனால் எனக்கும் மதுரைக்காரனுக்கும் ஈரானியத் தோழிக்கும் கையில் இருந்தது ரிச்செவூத்தா மட்டும். அதாவது தபால் நிலைய ரசீது.

இத்தாலிக்குப் படிக்க வருகிறவர்கள் வந்து இறங்கிய எட்டு வேலை நாட்களுக்குள் தபால் நிலையத்தில் தடித்த உறை ஒன்றை வாங்கி, படிவம் நிரப்பி, தங்குவதற்கான அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அட்டைதான் பெர்மெஸ்ஸோ. பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். பழையது முடிந்து புதியது வராத மாதங்களில் ரசீதுதான் நமக்கு எல்லாம். அதை வைத்துக்கொண்டு இத்தாலிக்குள் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், நேர் விமானத்தில் ஊருக்கும் போய் வரலாம். ஆனால் பிரான்சுக்குள் கால் வைக்க அது உதவாது. எல்லையே இல்லாத ஐரோப்பா என்று ஊரில் கேள்விப்பட்டது எங்களுக்கு மட்டும் கொஞ்சம் குறைவாகப் பொருந்தியது.

"சரி, இத்தாலிக்குள்ளேயே போவோம்" என்றான் பாரி நகரத்துப் பையன். தெற்குக் கோடியில் இருந்து வடக்கே படிக்க வந்தவன். எங்களைவிட அவனுக்குத்தான் இங்கே குளிர் அதிகம் என்று சொல்லிக்கொள்வான். ஈரோட்டுத் தோழியையும் சேர்த்து ஐந்து பேர். நாங்கள் இருப்பது பதோவாவில். சனிக்கிழமை பொலோன்யா, ஞாயிறு ரவென்னா என்று முடிவாயிற்று.

பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாத் திட்டமும் அதைச் சுற்றித்தான். எங்களில் பலர் இங்கே படிப்பது வட்டார அரசு தரும் உதவித்தொகையில். ஊரில் குடும்ப வருமானம் எவ்வளவு என்று ஆவணங்களோடு காட்டினால், கட்டண விலக்கும் கொஞ்சம் பணமும் மென்சா எனும் மாணவர் உணவகத்தில் சாப்பாடும் கிடைக்கும். அந்தப் பணம் தவணையாக வரும், நாம் எதிர்பார்க்கும் மாதத்தில் மட்டும் வராது. ஆகவே வேக ரயில் பக்கம் போகவே இல்லை. எல்லா நிலையத்திலும் நிற்காத வட்டார ரயிலில் பொலோன்யாவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள், பத்துப் பதினோரு யூரோவில் போய்விடலாம். வேலைநிறுத்தம் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் அதற்குப் போக்குவரத்து அமைச்சகமே நாள்காட்டி வெளியிடுகிறது. முகூர்த்த நாள் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் பாரிக்காரன் எந்தப் பயணத்துக்கும் நாள் குறிப்பான்.

பொலோன்யாவில் இறங்கியதும் மழை. குடை யாரிடமும் இல்லை, தேவையும் படவில்லை. நகரம் முழுவதும் வீடுகளின் கீழ்த்தளம் உள்வாங்கி, மேல்தளம் தூண்களின் மீது தெருவுக்கு நீண்டிருக்கிறது. இப்படிக் கூரையிட்ட நடைபாதைகள் எல்லாவற்றையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள்; 2021-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. பழைய தஞ்சாவூர்த் தெருக்களில் வளர்ந்த எனக்குத் திண்ணையும் தாழ்வாரமும் புதிதல்ல. ஆனால் ஒரு நகரமே சட்டம் போட்டு வழிப்போக்கருக்குக் கூரை தருவது புதிது. 1288-ல் வந்த சட்டப்படி, புது வீடு கட்டினால் தூண் வரிசை இருந்தாக வேண்டும். குதிரை மீது வருகிறவன் தலை இடிக்காத உயரமும் வேண்டும். நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லோருடையது.

இவ்வளவு இடம் எதற்குத் தேவைப்பட்டது என்பதில்தான் சுவாரசியம். வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்தார்கள்; அவர்களில் மாணவர்கள் ஏராளம். தெருவை விட்டுக்கொடுக்காமல் அறைகளைப் பெருக்க வேண்டுமானால் மேலே நீட்டுவதுதான் வழி. மாணவருக்கு வாடகை அறை கிடைக்காத கதை அன்றே தொடங்கிவிட்டது. இன்றும் பொலோன்யாவில் ஒரு கட்டில் கிடைக்க ஆகஸ்டிலிருந்தே அலைய வேண்டும். அதனால்தான் நான் பதோவாவுக்கே விண்ணப்பித்தேன்.

பொலோன்யாவின் பல்கலைக்கழகம் 1088-ல் தோன்றியது என்பது மரபு. அந்த ஆண்டைப் பெருமையாகச் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். எனக்கு அந்த எண்ணைவிட அது தோன்றிய விதம் பிடித்திருந்தது. ஆல்ப்ஸுக்கு அப்பாலிருந்து சட்டம் படிக்க வந்தவர்களுக்கு இந்த நகரத்தில் குடிமக்களின் உரிமை எதுவும் கிடையாது. ஒரு ஜெர்மானியன் கடன் வாங்கிவிட்டு ஓடிப்போனால், இன்னொரு ஜெர்மானிய மாணவனைப் பிடித்து அந்தக் கடனைக் கேட்பது அன்றைய வழக்கம். 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் பேரரசர் ஃபிரெடெரிக் பார்பரோசா இதைத் தடுத்து, படிக்கப் பயணம் செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு ஆணை பிறப்பித்தார். பிறகு மாணவர்கள் தாங்களே சங்கம் சேர்ந்தார்கள். மலைக்கு அப்பால் உள்ளவர்களுக்கு ஒன்று, இப்பால் உள்ளவர்களுக்கு ஒன்று. தலைவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாணவர்கள். அந்தத் தலைவருக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்தவர்கள் பேராசிரியர்கள்! வகுப்புக்குத் தாமதமாக வந்தால் ஆசிரியருக்கு அபராதம். ஊரைவிட்டு ஒருநாள் போக வேண்டுமானாலும் மாணவரிடம் அனுமதி. வகுப்பில் ஐந்து பேர்கூட உட்காரவில்லை என்றால் ஆசிரியர் வரவில்லை என்றே கணக்கு. பொலோன்யா ஊர்க்காரப் பையன்கள் அந்தச் சங்கத்தில் கிடையாது. அவர்களுக்குத்தான் ஏற்கெனவே உரிமை இருக்கிறதே.

இதைச் சொன்னதும் மதுரைக்காரனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்போ நம்மள மாதிரி ரசீதுக்காரங்கதான்டா யுனிவர்சிட்டியையே ஆரம்பிச்சிருக்காங்க" என்றான். அதை இத்தாலிய மொழியில் பாரிக்காரனுக்கு விளக்க முயன்று பாதியில் கைவிட்டான்.

ஆர்கிஜின்னாசியோ என்ற பழைய பல்கலைக்கழகக் கட்டடத்தில் அந்த வெளியூர்க்காரர்கள் இன்னும் சுவரில் இருக்கிறார்கள். 1563-ல் கட்டியது. முற்றம், படிக்கட்டு, கூரை எங்கும் வண்ண வண்ணமாய்க் குடும்பச் சின்னங்கள், சுமார் ஆறாயிரம். அந்தந்த நாட்டு மாணவர்கள் விட்டுப்போனவை. உள்ளே பிணத்தை அறுத்துப் பாடம் நடத்திய மரக்கூடம் ஒன்று உண்டு. 1944 ஜனவரியில் குண்டு விழுந்து நொறுங்கியதை, சிதைவுகளில் கிடைத்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்து அதே மாதிரி மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஆசிரியர் இருக்கையின் இருபுறமும் தோலுரித்த மனித உருவங்கள் இரண்டு மரத்தில் செதுக்கி நிற்கின்றன. ஈரோட்டுத் தோழி ஒரே பார்வையில் வெளியே வந்துவிட்டாள்.

இரட்டைக் கோபுரங்களை வேலிக்கு இப்பால் நின்றுதான் பார்த்தோம். சாய்ந்திருக்கும் கரிசெண்டா விழுந்துவிடுமோ என்ற பயத்தில் 2023 அக்டோபரிலிருந்து சுற்றிலும் அடைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் அசினெல்லி 97 மீட்டர், 498 படிகள். பட்டம் வாங்கும் முன் அதில் ஏறினால் பட்டமே கிடைக்காது என்பது இங்கத்து மாணவர் நம்பிக்கை. மூடியிருப்பதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. மாலையில் சான் லூக்கா மலைக்கு 666 வளைவுகளின் கீழே ஏறியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ரவென்னா. ரயிலில் ஒருமணி நேரத்துக்குச் சற்று மேல். வழியெல்லாம் தட்டையான வயல். வெளியிலிருந்து பார்த்தால் ரவென்னாவின் பழைய கிறித்தவக் கோயில்கள் செங்கல் கிடங்குபோல இருக்கும். இதற்கா வந்தோம் என்று மதுரைக்காரன் கேட்டேவிட்டான். 402-ல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரம் மிலானிலிருந்து இங்கே வந்தது. சுற்றிலும் சதுப்பு நிலம், பகைவர் எளிதில் நெருங்க முடியாது, துறைமுகம் பக்கத்தில். பிறகு கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தார் ஆண்டார்கள், அவர்களுக்குப் பின் கான்ஸ்டான்டிநோப்பிளிலிருந்து கிழக்கு ரோமரான பைசாந்தியர். வந்தவர்கள் எல்லோரும் சுவரில் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துவிட்டுப் போனார்கள்.

பேரரசி கல்லா பிளாசிதியாவின் பெயரில் உள்ள சிறு கல்லறைக் கட்டடத்துக்குள் ஐந்து நிமிடம்தான் விடுவார்கள். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல் பலகைகள். வெளிச்சம் தேன் நிறத்தில் இறங்குகிறது. மேலே கருநீலம், அதில் பொன் விண்மீன்கள். பேச்சு வரவில்லை என்று எழுதினால் பொய்; "போட்டோ எடு, போட்டோ எடு" என்று ஐந்து பேரும் ஒருவரையொருவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தோம். 547 வாக்கில் திருநிலைப்படுத்தப்பட்ட சான் விதாலே கோயிலில் நிதானமாக நிற்க முடிந்தது. பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனும் அவர் மனைவி தியோடோராவும் எதிரெதிர்ச் சுவர்களில் பரிவாரத்தோடு நிற்கிறார்கள். ரவென்னாவுக்கு அந்த இருவரும் வந்ததே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது சாந்த் அப்போலினாரே நுவோவோ என்ற கோயில். கோத்திய அரசர் தியோடெரிக் கட்டியது. ஒரு சுவரில் அவருடைய அரண்மனை. வளைவுகளுக்கிடையே அரசரும் அவையினரும் நின்றிருக்க வேண்டும். ஆட்சி மாறியதும் அந்த உருவங்களைப் பெயர்த்துவிட்டுத் திரைச்சீலைகளைப் பதித்துவிட்டார்கள். ஆனால் தூண்களின் மேல் பட்டிருந்த கைகளை எடுக்க மறந்துவிட்டார்கள். உற்றுப் பார்த்தால் ஆளில்லாத கைகள் தெரியும். எத்தனையோ அரசு அலுவலகங்களில் பழைய தலைவர் படத்தை எடுத்த இடத்தில் சதுரமாகத் தெரியும் வெள்ளைச் சுவர் நினைவுக்கு வந்தது.

எதிர்ச்சுவர் ஓரத்தில் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுபோகும் ஞானிகள் மூவர். சிவப்புக் கூர்தொப்பி, புள்ளி வைத்த இறுக்கமான கால்சட்டை, பறக்கும் மேலங்கி. ஈரானியத் தோழி அதன் கீழே நின்று உரக்கச் சிரித்தாள். "இவர்கள் எங்கள் ஆட்கள்" என்றாள். உண்மைதான், பாரசீக உடை. ரோம உலகத்துக்குக் கிழக்கிலிருந்து வருகிறவன் என்றால் அதுதான் உடுப்பு. "பரிசோடு வந்ததால் உள்ளே விட்டார்கள். ரசீதோடு வந்திருந்தால்?" என்றாள். காவலர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

சாப்பாட்டுக்குப் பியாதினா. ரொமாஞ்ஞா வட்டாரத்து ரொட்டி, கல்லில் சுட்டு, இளகிய ஸ்குவாக்கெரோனே பாலாடைக்கட்டியும் ருக்கோலா கீரையும் வைத்து மடித்துத் தருகிறார்கள். மாவில் வழக்கமாகப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள் என்பதைப் பாரிக்காரன் முதலிலேயே சொல்லி, ஈரோட்டுக்காரிக்கும் ஈரானியத் தோழிக்கும் ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததை வாங்கிவந்தான். மதுரைக்காரன் பையிலிருந்து இட்லிப்பொடி டப்பாவை எடுத்தான். கடைக்காரம்மா எட்டிப் பார்த்து ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி, நக்கிப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, தண்ணீர் குடித்தார்.

கடைசியாக இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கல்லறை. 1302-ல் ஃபிளாரன்ஸ் அவரை நாடு கடத்தியது. திரும்பி வந்தால் எரித்துக் கொல்வதாகத் தீர்ப்பு. அபராதம் கட்டி, தவறு செய்தேன் என்று ஒப்புக்கொண்டால் வரலாம் என்று 1315-ல் வந்த வாய்ப்பை மறுத்துவிட்டார். ரவென்னாதான் இடம் கொடுத்தது. 'டிவைன் காமெடி' காவியத்தை முடித்ததும் 1321-ல் இறந்ததும் இங்கேதான். அதன் பிறகு ஃபிளாரன்ஸுக்கு ஆசை வந்துவிட்டது. 1519-ல் அந்த ஊர் மெடிச்சி குடும்பத்துப் போப் அனுமதியோடு எலும்புகளை எடுத்துப்போக ஆள் வந்தபோது பேழை காலி! பிரான்சிஸ்கன் துறவிகள் மடத்துப் பக்கச் சுவரில் ஓட்டை போட்டு எடுத்து ஒளித்துவிட்டார்கள். 1865-ல் சீரமைப்பு வேலையின்போதுதான் சுவருக்குள் மரப்பெட்டி அகப்பட்டது. ஃபிளாரன்ஸில் இன்றும் அவருக்கு ஒரு பெரிய வெற்றுக் கல்லறை இருக்கிறது. இங்கே எரியும் விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் கொண்டுவந்து தருவதும் அதே ஃபிளாரன்ஸ்தான். தண்டனையை ரத்து செய்ய அங்கத்து நகரசபை தீர்மானம் போட்டது 2008-ல்.

"என் பெர்மெஸ்ஸோ அதைவிடச் சீக்கிரம் வந்துவிடும்" என்று மட்டும் சொன்னேன்.

தாந்தேவுக்கு இறுதிச் சடங்கு நடந்த சான் பிரான்செஸ்கோ கோயில் பக்கத்திலேயே. தரை தாழ்ந்துகொண்டே போனதால் அதன் நிலவறையில் தண்ணீர் நிற்கிறது. காசு போட்டால் விளக்கு எரியும், மொசைக் தரை மேல் தங்கமீன்கள் நீந்துவது தெரியும். சில்லறை வைத்துக்கொண்டு போங்கள், அந்தப் பெட்டி கார்டு வாங்காது.

திரும்பும் ரயிலில் பாரிக்காரனின் அம்மா வீடியோவில் வந்தார். டிசம்பர் விடுமுறைக்கு நாங்கள் எல்லோரும் அவர் வீட்டுக்கு வருவதாக எங்களைக் கேட்காமலே முடிவாகியிருந்தது. யார் யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார். பன்றி ஒருத்திக்கு ஆகாது, மாடு இருவருக்கு. ஈரோட்டுக்காரி எந்த இறைச்சியும் தொடமாட்டாள் என்று மகன் சொன்னதும் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவலையோடு கேட்டார்: "ஐயோ பாவம். அப்போ ஆக்டோபஸ் போதுமா?"