கிருஷ்ணகிரியின் மழைக் கணக்கு

தமிழ்நாட்டில் மழை என்றாலே ஐப்பசியும் கார்த்திகையும்தான் என்று பள்ளியில் படித்ததை நம்பிக் கிருஷ்ணகிரிக்குக் குடிவந்த எனக்கு, இங்கே ஆவணியும் புரட்டாசியும் அதற்குச் சளைத்தவை அல்ல என்பது புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. கடலுக்கு வெகுதூரத்தில், மேட்டுநிலத்தின் விளிம்பில் இருக்கும் இந்த மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழையைப் போலவே தென்மேற்குப் பருவமழையும் கைகொடுக்கிறது. பகலெல்லாம் புழுங்கவைத்து, மாலையில் இடியோடு கொட்டித் தீர்த்து, இரவில் போர்வையைத் தேடவைக்கும் செப்டம்பர் மழைதான் எனக்குப் பிடித்தது (துணி காயப்போடுவது மட்டும் காலையிலேயே முடிந்துவிட வேண்டும்). சித்திரையின் கோடை மழையை மாந்தோப்புக்காரர்கள் பாதி அச்சத்தோடுதான் வரவேற்கிறார்கள். மிதமாகப் பெய்தால் காய் பருக்கும், சூறைக்காற்றும் சேர்ந்துவிட்டால் காயெல்லாம் தரையில் கிடக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் 2024 டிசம்பர் தொடக்கத்தில் பொய்த்தது. புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து உள்நாட்டுக்குள் மெதுவாக நகர்ந்தபோது, கடலைப் பார்க்கவே பல மணி நேரம் பயணிக்க வேண்டிய, இதே மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம், சாலையோரம் நின்றிருந்த வண்டிகளை அடித்துச் சென்றது.

இன்றும் மேற்கே கருத்திருக்கிறது. மாடியில் வடகம் காய்கிறது.